கூரை திறந்த வண்டியும் அடைத்துக்கொண்ட காதும்

காது அடைத்திருக்கும்போது கார் வாங்கப் போகக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு என் காதில் விழுந்திருக்காது.

2022 பிப்ரவரி மாதம். மூக்கில் லேசாகச் சளி. குன்னூரில் இருந்து காலை ஏழரைக்குக் கிளம்பிப் பர்லியாறு வழியாக இறங்கினேன். குன்னூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,850 மீட்டர். மேட்டுப்பாளையம் முந்நூறு சொச்சம். முப்பத்து நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் இறங்கியாக வேண்டும். மலை ஏறும்போது நடுக்காதில் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் வம்பு. வெளியே அழுத்தம் கூடக் கூட, காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் நாம் எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் வழிவிடும். சளி பிடித்திருந்தால் அதற்கும் மசியாது. கல்லாறு வந்தபோது இரண்டு காதிலும் பஞ்சு வைத்தது போலிருந்தது.

அந்தக் காதுகளோடு நேராகக் கோயம்புத்தூர் அவிநாசி சாலைக்குப் போய், ஒரு பழைய கார் விற்பனையாளரிடம் இரண்டே இருக்கை கொண்ட ஜெர்மன் கன்வெர்டிபிள் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். உலோகக் கூரை, பொத்தானை அழுத்தினால் மடங்கி டிக்கிக்குள் போய்விடும். கம்பெனி பெயர் வேண்டாம், இங்கே சொல்லப்போவது அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரியதல்ல. பக்கத்தில் உட்கார்ந்த விற்பனைப் பையன், "கூரையை மூடிவிட்டால் சாதாரண செடான் மாதிரிதான் சார், சத்தமே இருக்காது" என்றான். உண்மையிலேயே இல்லை. எண்பதில் போகிறேன், நிசப்தம். ஏசி காற்றின் ஓசைகூடப் பக்கத்து அறையில் இருந்து வருவது போலிருந்தது. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகையில், காரமடை நெருங்கும்போது பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது. 'டப்' என்று காது திறந்தது. இடது கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விசில், பின்சக்கரங்களில் இருந்து மாவு மில் ஓடுவது போன்ற இரைச்சல், தலைக்கு மேலே பழைய கட்டில் ஆடுவது போல ஒரு கிறீச். மூன்றும் ஒரே நொடியில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன. மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது சாவியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன். இலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. உருளைகளுக்கும் உலர்த்தும் இயந்திரத்துக்கும் நடுவே நின்று கத்திப் பேசியே பழகிய தொண்டை எனக்கு. கன்வெர்டிபிள் ஆசை தொண்ணூறுகளின் கடைசியில் தொற்றியது. சான் ஸ்டார்ம் என்று இந்தியாவிலேயே ஒரு சின்ன கன்வெர்டிபிள் அப்போது வந்தது. ஃபைபர் உடம்பு, ரெனோ எஞ்சின். அதில் ஒன்று சிம்ஸ் பூங்கா வாசலில் நின்றதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அவ்வளவுதான். பிறகு பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் என்று இருபது வருடம் ஓடியது. ஓய்வு பெற்று ஆசையை வெளியே எடுத்தபோது என் மனைவி, "கூரை போட்ட வீட்டுக்குள்ளேயே பல் கிட்டுகிறது. கூரை இல்லாத வண்டி ஒரு கேடா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஊட்டிப் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. ஏப்ரல், மே சீசனில் கூரையைத் திறந்தால் முன்னால் ஊர்ந்து போகும் சுற்றுலா பஸ்ஸின் புகை முழுவதும் நமக்குத்தான். ஆக வருடத்தின் பெரும்பகுதி நாம் உட்காரப் போவது கூரை மூடிய வண்டிக்குள். கன்வெர்டிபிள் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் திறந்த கூரையைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். நானும் அப்படித்தான். மூடிய கூரையைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரியவே ஒரு வருடம் ஆயிற்று.

சத்தம் என்று ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மூன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேகம், தனித்தனி மருந்து.

காற்றுச் சத்தம் வேகத்தின் பிள்ளை. வேகம் இரட்டிப்பானால் காற்றுச் சத்தத்தின் ஆற்றல் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, ஏறக்குறைய 64 மடங்கு ஆகிவிடும். டெசிபல் கணக்கில் சுமார் 18 கூடுதல். பத்து டெசிபல் கூடினாலே நம் காதுக்குச் சத்தம் இரட்டித்தது போல இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் முப்பதுக்கு மேல் போக முடியாது. அங்கே காற்றுச் சத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊட்டி–கூடலூர் சாலையில் பைக்காரா அருகே கொஞ்சம் விரட்டினால் தலைகாட்டும். அது ஆட்சி செய்யும் இடம் கீழே, அன்னூர், அவிநாசி, சேலம் போகும் சாலைகளில்.

டயர் சத்தம் நாற்பதில் இருந்து எண்பது வரை ராஜா. ஸ்போர்ட்ஸ் காரில் பின்சக்கரம் நம் முதுகுக்கு ஒரு முழத் தூரத்தில்தான் இருக்கிறது. சாதாரண காரில் இடையில் பின்னிருக்கை, தடுப்பு, பஞ்சு எல்லாம் உண்டு. இரண்டு இருக்கை வண்டியில் டயருக்கும் நமக்கும் நடுவே ஒரு தகடும் ஒரு கம்பளமும்தான். மழையில் அரித்துச் சல்லி தெரியும் சாலையில் அது தகரக் கொட்டகைக்குள் கல் உருட்டுவது போல இருக்கும்.

மூன்றாவது, வண்டி தானே எழுப்பும் சத்தம். மலைக்காரர்களுக்கு இதுதான் எமன். கூரை நிரந்தரமாக இல்லாத வண்டிக்கு முதுகெலும்பில் ஒரு பங்கு குறைவு. அடியில் எவ்வளவு பலப்படுத்தினாலும், கொண்டை ஊசி வளைவில் ஒரு சக்கரம் மேலே ஏறி எதிர்மூலைச் சக்கரம் கீழே இறங்கும்போது உடம்பு ஒரு இழை முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு போய்ச் சேரும் இடம் கூரையின் பூட்டுகளும் ரப்பர் பீடிங்கும். சமவெளியில் நேராக ஓடும்போது வாயே திறக்காத கூரை, காட்டேரி வளைவில் முனக ஆரம்பிக்கும். காலைக் குளிரில் ரப்பர் இறுகியிருந்தால் இன்னும் மோசம். அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. பஞ்சடைத்த காதோடு போனவன் என்ன கண்டுபிடிப்பான்?

இதைச் சரிசெய்ய எனக்கு வழிகாட்டியவர் அருவங்காட்டில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு அண்ணன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வெளிநாட்டு வண்டி என்று பயப்படாதவர். கருவிப் பெட்டியைத் திறக்காமல் முதலில் சட்டைப்பையில் இருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்தார். கதவுக் கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவே அதை வைத்துக் கதவை மூடி, வெளியே நின்று மெல்ல இழுத்தார். முன்பக்கம் நோட்டு அசையவில்லை. அப்படியே அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனார். இடது கண்ணாடியின் பின்மூலையில் நோட்டு வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்தது. "உங்கள் விசில் இங்கே குடியிருக்கிறது" என்றார்.

இந்த வண்டிகளின் கதவில் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கதவைத் திறந்தால் கண்ணாடி ஒரு விரல் கீழே இறங்கும், மூடியதும் மேலே ஏறிப் பீடிங்குக்குள் அழுந்திக்கொள்ளும். அந்த ஏற்றம் இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் காற்றுக்கு வழி கிடைத்துவிடும். அண்ணன் கதவுக்குள்ளே கண்ணாடியின் நிறுத்தத்தைச் சரிசெய்தார். பிறகு பீடிங்கில் சாக்பீஸ் பொடியைத் தடவிக் கதவை மூடித் திறந்து, கண்ணாடியில் வெள்ளைக் கோடு அறுபடாமல் விழுகிறதா என்று பார்த்தார். மூன்றாவது முறை முழுக்கோடு விழுந்தது. விசில் போயிற்று. கூலி ஐந்நூறு ரூபாய். கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பீடிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி எழுதிக் கொடுத்திருந்த தொகையை இங்கே போட எனக்கு மனமில்லை.

கிறீச் சத்தத்துக்கு அவர் செய்தது இன்னும் எளிது. நான் ஓட்ட, அவர் பக்கத்து இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு கூரையின் ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளங்கையை அழுத்திக்கொண்டே வந்தார். அருவங்காட்டில் இருந்து வெலிங்டன் வழியாகக் குன்னூர் வரை அப்படியே படுத்து வந்தார். "சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே இருக்காது சார். கை வைத்தால் எங்கே அடங்குகிறதோ அங்கேதான் இருக்கும்" என்றார். முன்கண்ணாடிச் சட்டத்தோடு கூரை பூட்டிக்கொள்ளும் இடத்தில் கை வைத்ததும் அடங்கியது. எனக்குக் கேட்டது தலைக்குப் பின்னால். பூட்டைத் துடைத்து, பீடிங் முழுக்க சிலிக்கான் கிரீஸைத் துணியில் தொட்டு மெல்லிய பூச்சாகத் தடவினார். சாதாரண கிரீஸோ எண்ணெயோ தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும், அதை மட்டும் செய்யக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்போது நானே தடவிக்கொள்கிறேன்.

டயர் விஷயத்தில் பணம் செலவாயிற்று. வண்டியில் இருந்தது 19 அங்குல வீல், பஞ்சரானாலும் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் டயர்கள். முன்னால் 225/35, பின்னால் 255/30. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். கடைசி எண் பக்கச்சுவர் உயரம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 255-இல் 30 சதவீதம் என்றால் ஏழரை சென்டிமீட்டர் ரப்பர்தான். ரன்ஃப்ளாட்டில் அந்தப் பக்கச்சுவரும் விறைப்பு. படத்தில் பார்க்க அழகுதான். நம் சாலைக்கு அது செருப்பில்லாமல் நடப்பது. 18 அங்குல வீலுக்கு மாறி, 225/40, 255/35 அளவில் சாதாரண டயர் போட்டேன். மாவு மில் நின்றுவிடவில்லை, ஆனால் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. ஒரு எச்சரிக்கை: இந்த வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது. ரன்ஃப்ளாட்டைக் கழற்றினால் காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குக் குஞ்சப்பனை அருகே டயர் போனால் உதவிக்கு முதலில் வருவது யானையாகவும் இருக்கலாம்.

துணிக் கூரையா, உலோகக் கூரையா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். பென்ஸ் 1996-இல் எஸ்.எல்.கே. வண்டியில் உலோக மடிப்புக் கூரையைக் கொண்டுவந்த பிறகு கொஞ்ச காலம் அதுதான் எதிர்காலம் என்று பேசினார்கள். பி.எம்.டபிள்யூ. இசட்4-ஐ எடுத்துக்கொண்டால், முதலில் துணி, 2009-இல் உலோகம், 2018-இல் வந்த மாடலில் மறுபடியும் துணி. பென்ஸின் பெரிய எஸ்.எல். வண்டியும் இருபது வருடம் உலோகத்தில் இருந்துவிட்டு 2021-இல் துணிக்குத் திரும்பியது. உலோகக் கூரை எடை அதிகம், அந்த எடையும் உச்சந்தலையில், மடங்கினால் டிக்கியை விழுங்கிவிடும். 2009 இசட்4-இல் கூரை மூடியிருந்தால் டிக்கி 310 லிட்டர், திறந்தால் 180. கோயம்புத்தூரில் மாதச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அரிசியா ஆகாயமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். வண்டியை நிறுத்தாமலே திறக்கும் வசதியும் இருக்கிறது. புதிய இசட்4-இன் துணிக் கூரை 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்து நொடியில் திறந்துவிடும். லவ்டேல் பிரிவில் வெயில், கேத்தியில் தூறல் என்று மாறி மாறி வரும் ஊரில் இது ஆடம்பரமில்லை.

பல அடுக்குத் துணியும் நடுவில் பஞ்சும் வைத்துத் தைத்த இன்றைய துணிக் கூரை, நம் வேகத்துக்கு உலோகத்துக்குச் சளைத்ததல்ல. மழை விழும்போது துணியில் பொத்தென்று கேட்கும், தகரத்தில் போலக் கொட்டாது. முனகலும் குறைவு. நீண்ட தூரம் நூறுக்கு மேல் ஓட்டுகிறவர் உலோகம் எடுக்கட்டும். மலையிலேயே புழங்குகிறவருக்குத் துணி போதும் என்பேன். ஆனால் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று குரங்கு. என் நண்பர் பின்னிருக்கையில் வாழைப்பழச் சீப்பு வைத்துவிட்டுப் பர்லியாற்றில் மங்குஸ்தான் வாங்க இறங்கினார். ஐந்து நிமிடம். கூரையில் கைவிட்டுப் பழத்தை எடுக்கும் அளவுக்கு ஒரு வாசல் போட்டிருந்தன. மற்றொன்று பூஞ்சை. ஈரத்தோடு மடித்து வைத்தால் இரண்டே நாளில் கறுப்புப் புள்ளி விழும். ஷெட் இல்லாதவர்கள் நீலகிரியில் துணிக் கூரை வாங்கவே வேண்டாம்.

கூரை எதுவானாலும் தண்ணீர் வடியும் ஓட்டைகள் உண்டு. சில்வர் ஓக் இலை அதில் அடைத்துக்கொண்டால் மழைநீர் கம்பளத்துக்குள் இறங்கும். அடியில் மின் இணைப்புகள் ஓடுகின்றன. புல்வெட்டும் மிஷினின் நைலான் நூலை விட்டுக் குத்தினால் அடைப்பு போய்விடும். கம்பியை விட்டால் உள்ளே இருக்கும் குழாய் கழன்றுவிடும்.

கூடுதல் வசதிகளுக்கு வருகிறேன். பழைய வண்டி வாங்கும்போது முதல் சொந்தக்காரர் எதைத் தேர்ந்தெடுத்தாரோ அதோடுதான் நாம் வாழ வேண்டும். பிறகு சேர்க்கக்கூடியது எது, முடியாதது எது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இரட்டை அடுக்குப் பக்கக் கண்ணாடி, சத்தம் தடுக்கும் தடித்த கூரை, இருக்கைச் சூடு, கழுத்துக்குச் சூடு ஊதும் வசதி, மிருதுவாகவும் இறுக்கமாகவும் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன் ஆகியவை பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே வந்தால்தான் உண்டு. கழுத்துச் சூட்டைப் பென்ஸ் 2004-இல் எஸ்.எல்.கே.யில் முதலில் கொடுத்தது. தலையணைக்குக் கீழே இருந்து பிடரியில் வெந்நீர் ஒத்தடம் போலக் காற்று வரும். என் வண்டியில் அது இல்லை. மஃப்ளர்தான். இருக்கைச் சூடு இருக்கிறது. என் மனைவி இந்த வண்டியில் ஏறச் சம்மதித்ததற்கு முழுக் காரணம் அந்தப் பொத்தான்தான்.

பிறகு சேர்க்கக் கூடியவற்றில் ஒன்றே ஒன்று கொடுத்த காசுக்கு மேல் உழைக்கிறது: இருக்கைகளுக்குப் பின்னால் நிறுத்தும் காற்றுத் தடுப்பு வலை. கூரையைத் திறந்தால் காற்று முன்னால் இருந்து அடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். முன்கண்ணாடிக்கு மேலே ஏறிய காற்று தலையைத் தாண்டிப் பின்னால் விழுந்து, சுழன்று, பின்புறமிருந்து பிடரியில் அறையும். அந்த வலை அந்தத் திரும்பி வரும் காற்றை உடைத்துவிடுகிறது. பக்கக் கண்ணாடி இரண்டையும் ஏற்றி, வலையையும் நிறுத்தினால் அறுபதில் சாதாரணக் குரலில் பேசலாம்.

வீண் செலவு என்றால் ஸ்போர்ட்ஸ் சைலன்சர். என் வண்டிக்கு முந்தைய சொந்தக்காரர் ஆசையாக மாட்டியிருந்தார். ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு நூறு முறை வெடிக்கிறது. அந்த நூறு ஹெர்ட்ஸ் முனகல் இரண்டாவது கியரில் மலை ஏறும் நேரம் முழுவதும் மண்டைக்குள் வண்டு போல நிற்கும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கைப்பிடிச் சுவர். சத்தம் போக வழியில்லாமல் நம்மிடமே திரும்பி வரும். இது போதாதென்று, அந்திநேரத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து சாலைக்கு இறங்கும் காட்டெருமைக்கு முன்னால் உறுமிக்கொண்டு நிற்பது வீரமில்லை. கழற்றிவிட்டுக் கம்பெனி சைலன்சரைத் தேடிப் பிடித்து மாட்டினேன். விலை உயர்ந்த ஸ்பீக்கர் செட்டும் அப்படித்தான். சத்தமான வண்டியில் அது சத்தத்தின் மேல் சத்தம்.

ஒரு துணைச் செய்தி: ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய இருபது சதவீதம் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும், நாமும் அதைக் கூடுதலாக விரட்டுவோம், சத்தமும் கூடும். மலைக்கு டர்போ.

எல்லாச் சத்தத்தையும் அடைத்துவிட வேண்டும் என்றும் எனக்குத் தோன்றுவதில்லை. கோத்தகிரிச் சாலையில் மார்ச் மாதத்தில் ஒரு மாலை, கூரையைத் திறந்துகொண்டு கட்டபெட்டு தாண்டும்போது, அடுத்த வளைவுக்கு அப்பால் பஸ் கியர் மாற்றுவது கேட்டது. ஹாரன்கூட இல்லை, கியர். ஒதுங்கி நின்றேன், பஸ் வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. மூடிய காரில் இருந்திருந்தால் அதன் முகத்தைத்தான் முதலில் பார்த்திருப்பேன். அதே வளைவில் தொழிற்சாலையில் இலை வாட்டும் வாசனையும் வந்தது. முப்பது வருடம் அதற்குள்ளேயே இருந்தவனுக்கு அதை வெளியே இருந்து முகர்ந்தது அன்றுதான்.

சத்தத்தை அளக்க நாங்கள் வீட்டில் ஒரு முறை கண்டுபிடித்தோம். கைபேசிச் செயலிகள் காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. ஒரே கைபேசியில் முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் உதவும். எங்கள் முறை மளிகைச் சீட்டு. மனைவி சாதாரணக் குரலில் சாமான் பெயர்களை வாசிப்பாள், நான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாற்பதில் எல்லாம் சரி. அறுபதில் 'கடுகு' வந்தது, 'மிளகு' வந்தது. எண்பதில் 'பருப்பு' என்றாள், நான் 'கருப்பு' என்றேன். 'உளுந்து' சரியாகக் கேட்டது. காற்றின் சீறல் உயர்ந்த சுருதியில் இருப்பதால் ச, ப, த, க போன்ற மெய்யொலிகளை மென்றுவிடும், உயிரெழுத்துகள் தப்பித்துவிடும். டயரின் கனத்த இரைச்சல் ஆண்குரலின் அடியை அமுக்கும். எது தொலைகிறது என்று பார்த்தால் எந்தச் சத்தம் தின்கிறது என்று தெரிந்துவிடும். கண்ணாடியைச் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் இதே சீட்டைத்தான் வாசித்தோம்.

இதில் ஒரு வினை இருந்தது. எல்லாம் சரிசெய்த பிறகும் எனக்குச் சில சொற்கள் பிடிபடவில்லை. இடம் மாறி உட்கார்ந்தால் அவளுக்கு என் குரல் அத்தனையும் கேட்டது. கோயம்புத்தூரில் காதைப் பரிசோதித்தேன். இரண்டு காதிலும் உயர்ந்த சுருதிகள் தேய்ந்திருந்தன. வரைபடத்தைப் பார்த்த பெண், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "மில்லில் வேலை பார்த்தீர்களா சார்?" என்று கேட்டாள். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு. உருளைகளுக்கு நடுவே நின்ற என்னிடம் இதை யாரும் சொல்லவில்லை. கூரையைத் திறந்துபோட்டு நெடுஞ்சாலையில் நூறில் பறப்பவர்களுக்கும் இதே கணக்குதான். கீழே போகும்போது நான் இப்போது கூரையை மூடிவிடுகிறேன்.

அதனால், வண்டி பார்க்கப் போகிறவர்கள் இன்னொரு ஜோடிக் காதைக் கூட்டிக்கொண்டு போங்கள், முடிந்தால் உங்களைவிட இளைய காது. மலையில் இருந்து இறங்குகிறவர்கள் இறங்கத் தொடங்கும்போதே கடலை மிட்டாயை மென்றுகொண்டு போங்கள். கீழே அரை மணி நேரம் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு அப்புறம் சாவியை வாங்குங்கள். ஏசியையும் பாட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். கூரையைத் தொடர்ந்து ஐந்து முறை திறந்து மூடுங்கள். மூன்றாவது முறையில் மோட்டார் தயங்கினால் விலையில் பேசிக்கொள்ளலாம், அல்லது எழுந்து வந்துவிடலாம். கம்பளத்தின் அடியில் விரலை விட்டு முகர்ந்து பாருங்கள். விற்பவர் சம்மதித்தால் பர்லியாறு வரை ஏற்றிப் பாருங்கள். ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவு போதும், கூரை தன் வயதைச் சொல்லிவிடும். சம்மதிக்காதவரிடம் நான் வாங்க மாட்டேன். என்னிடம் விற்றவர் சம்மதித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

போன மாதம் காரமடை சாலையில் மறுபடியும் சீட்டை எடுத்தோம். கூரை மூடியிருந்தது, வேகம் எண்பது. விசில் இல்லை, கிறீச் இல்லை. மனைவி சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள். வெந்தயம், சீரகம், புளி என்று நான் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னேன். கடைசியாக ஒரு சொல். தயக்கமே இல்லாமல், "பருப்பு!" என்றேன்.

சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"செருப்பு. அறுந்து ஒரு வாரம் ஆகிறது. சீட்டில் எழுதவில்லை, உங்களுக்குக் கேட்கிறதா என்று பார்த்தேன்" என்றாள்.